நாமும் வாடிக்கையாளர்தானே!

கடைக்கு வருபவர் விலையைக் கேட்டு முகம் சுளித்தால் நாம் சமாதானம் சொல்லி அனுப்புகிறோம். கம்பெனிக்கு வாடிக்கையாளர் நாம்தானே? நமக்குச் சமாதானம் சொல்ல யார் வருகிறார்கள்?

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் எங்கே போனாலும் மளிகைக் கடைக்காரர்கள் இரண்டு குறைகளைச் சொல்கிறார்கள். லைன் வண்டியில் நமக்குப் போடும் விலையைவிடப் பெரிய கடைகளுக்கும் செல்போன் வழி விற்பவர்களுக்கும் குறைத்துக் கொடுக்கிறார்கள். (சில நேரம் நம் கொள்முதலுக்கும் கீழே அங்கே விற்பனை!) காலாவதிச் சரக்கை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சேல்ஸ்மேனோ மறுபடி கண்ணில் படுவதில்லை.

இது நம் மாவட்டத்துப் புலம்பல் மட்டுமல்ல. 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு, எல்லோருக்கும் ஒரே விலை வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. 2022 ஜனவரி 1 முதல் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் கோல்கேட்டின் சில சரக்குகளை நிறுத்தியே காட்டினார்கள். ஏஜென்சிக்காரரும் நம் கட்சிதான் என்பது அன்று விளங்கியது.

சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்குச் சரக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்லர். பிழைப்புக்காக நாமே வைத்துப் பயன்படுத்தும் தராசு கெட்டால் வழக்குப் போடலாம்; விற்க வாங்கிய பிஸ்கட் கெட்டால் முடியாது. ஆனால் காலாவதியான பாக்கெட் அலமாரியில் இருந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரி பிடிப்பது நம்மைத்தான்.

ஆகவே திருப்பிக் கொடுக்கும் சரக்கின் பெயர், எண்ணிக்கை, தேதியைப் பில்லிலேயே எழுதிச் சேல்ஸ்மேனிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பவருக்கு அடுத்த ஆர்டரைச் சங்கத்தில் பேசிவிட்டுக் கொடுக்கலாம்.