வாளி நிரம்ப எத்தனை நிமிடம்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சர், என் பொண்ணு பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கிறதில்ல. காலையில நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வருது. ஒன்னுக்குப் போகும்போது எரியுதுன்னு அழறா. ஏன்டி குடிக்கலன்னு கேட்டா, பாத்ரூம் குழாயில தண்ணி நூல் மாதிரி வருதும்மா, அங்க போகவே பிடிக்கலங்கறா."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். குழாயில் தண்ணீர் குறைவாக வருகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது ஒரு குழந்தையின் உடம்பை எப்படிப் பாதிக்கும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். உடனே மூன்று யோசனைகள் வந்தன. மொட்டை மாடியில் இன்னும் பெரிய தொட்டி வைக்கலாம் என்றார் ஒருவர். இருக்கிற தொட்டியையே மேடை கட்டி ஒரு மீட்டர் உயர்த்தலாம் என்றார் இன்னொருவர். மோட்டார் வைத்துத் தள்ளினால்தான் சரிவரும் என்றார் மூன்றாமவர். மூன்றுக்குமே பணம் வேண்டும். எவ்வளவு, யார் தருவது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது, "ஒரு வாரம் கொடுங்கள், என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு என் சொந்த அனுபவம்தான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீர் மெலிந்துபோனது. யாரோ சொன்னார்கள் என்று பிரஷர் மோட்டார் வாங்கிவிட்டேன். அதைப் பொருத்த வந்த பிளம்பர் குழாயின் வாயைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்த சிறு வலை முழுக்க மணலும் உப்பும் அடைத்திருந்தன. கழுவி மாட்டியதும் தண்ணீர் பழையபடி வந்தது. வாங்கிய மோட்டார் இன்றும் பரணில் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அளந்து பார்க்காமல் வைத்தியம் செய்ததற்கு நான் கொடுத்த விலை அது.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் "பிரஷர் இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இதில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் ஒன்று. ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வெளிவருகிறது என்ற ஓட்டம் இன்னொன்று. அழுத்தம் நன்றாக இருந்தும் ஓட்டம் குறையலாம். எது குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் எதைப் பொறுத்தது? எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நாம் நடத்துவதுதான். உயரம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 9,800 பாஸ்கல். தொட்டியின் கொள்ளளவு இந்தச் சமன்பாட்டில் எங்கும் இல்லை. 500 லிட்டர் தொட்டியும் 5,000 லிட்டர் தொட்டியும் ஒரே நீர்மட்டத்தில் இருந்தால் கீழே கிடைக்கும் அழுத்தம் ஒன்றுதான். முதல் யோசனை இங்கேயே அடிபட்டுப் போனது.

எங்கள் வேலை

எட்டாம் வகுப்பு மாணவர்களோடு வேலையைத் தொடங்கினேன். தேவைப்பட்டவை ஒரு 15 லிட்டர் வாளி, ஒரு கைப்பேசிக் கடிகாரம், கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் டியூப், ஒரு நோட்டு. மாடியில் செய்ய வேண்டியதைப் பிளம்பரும் நானும் பார்த்துக்கொண்டோம். மாணவர்களை மொட்டை மாடிக்கு அனுப்பவில்லை.

முதல் கேள்வி: கோளாறு எல்லாக் குழாய்களிலுமா, சிலவற்றில் மட்டுமா? தரைத்தளத்தில் உள்ள எல்லாக் குழாய்களிலும் வாளியை வைத்து நேரம் குறித்தோம். ஆசிரியர் அறைக்கு வெளியே இருக்கும் குழாயில் வாளி நிரம்ப 75 விநாடிகள். நிமிடத்துக்கு 12 லிட்டர். மாணவியர் கழிவறைக் குழாயில் அதே வாளி நிரம்ப 6 நிமிடங்கள். நிமிடத்துக்கு 2.5 லிட்டர். இரண்டுக்கும் தண்ணீர் தருவது ஒரே தொட்டி. இரண்டு குழாய்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. ஆகவே தொட்டியின் மேல் பழி இல்லை. கழிவறைக்குப் பிரிந்து போகும் குழாய்வழியில்தான் கோளாறு.

இரண்டாவது கேள்வி: அந்த வழியில் ஒரு குழாய் மட்டுமா, எல்லாமா? கழிவறையின் நான்கு குழாய்களும் ஒரே மாதிரி மெலிந்தே வந்தன. ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் அதன் வாயிலோ உள்ளிருக்கும் வாஷரிலோ பார்த்தால் போதும். நான்கும் மெலிந்திருப்பதால், அவை பிரிவதற்கு முன்பே எங்கோ அடைப்பு இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அழுத்தம் குறைவா, ஓட்டம் மட்டும் குறைவா? மாடியிலிருந்து கல் கட்டிய கயிற்றை இறக்கி, அதைத் தரையில் வைத்து அளந்தோம். தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே 7 மீட்டர். அந்த வழியில் இருந்த எல்லாக் குழாய்களையும் மூடினோம். ஒன்றில் மட்டும் டியூப்பை இறுக்கக் கட்டித் திறந்து, டியூப்பின் மறுமுனையைச் சுவரோரமாக மேலே கொண்டு போனோம். டியூப்பில் தண்ணீர் மெதுவாக ஏறியது. கடைசியில் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சமமாக நின்றது. அழுத்தத்தில் குறை இல்லை என்று தெரிந்தது. பிறகு பக்கத்துக் குழாய் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். டியூப்பில் இருந்த தண்ணீர் மளமளவென்று இறங்கி, கீழே நின்ற பிள்ளைகளின் தலைக்கும் கீழே போய்விட்டது.

"அடைப்பு இருந்தா, முதல்ல மட்டும் எப்படி டீச்சர் அவ்வளவு உயரம் ஏறுச்சு?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. சுங்கச்சாவடியை உதாரணமாகச் சொன்னேன். வண்டி ஓடினால்தான் அங்கே கட்டணம். நிற்கிற வண்டிக்குக் கட்டணம் இல்லை. அதுபோல, அடைப்பும் குழாய்ச் சுவரின் உராய்வும் தண்ணீர் ஓடும்போதுதான் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். தண்ணீர் நின்றுவிட்டால் சிறு இடுக்கு வழியாகக்கூட முழு அழுத்தமும் மறுபக்கம் வந்து சேரும். நிற்கும்போது நல்ல மட்டம், திறந்தால் பெரிய வீழ்ச்சி என்றால் வழியில் தடை இருக்கிறது. நிற்கும்போதே மட்டம் குறைவு என்றால் உயரம் போதவில்லை, அல்லது எங்கோ கசிகிறது, அல்லது குழாய்க்குள் காற்று சிக்கியிருக்கிறது. இந்த ஒரு சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

நான்காவது கேள்வி: தடை எங்கே? தொட்டியிலிருந்து கழிவறைக்குப் பிரியும் இடத்தில் ஒரு பழைய பித்தளைக் கேட் வால்வு இருந்தது. அதன் கைப்பிடி முழுவதும் திறந்த நிலையில்தான் இருந்தது. பலரும் அதைப் பார்த்துவிட்டு "திறந்துதான் இருக்கிறது" என்று இறங்கி வந்திருக்கிறார்கள். பிளம்பர் தொட்டியின் தண்ணீரை நிறுத்திவிட்டு வால்வைப் பிரித்தார். உள்ளே ஏறி இறங்கும் கதவு, திருகுத் தண்டிலிருந்து கழன்று கீழே விழுந்து கிடந்தது. கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் கதவு அசையவில்லை. அதன் ஓரத்து இடுக்கில் கசிந்த தண்ணீர்தான் இத்தனை நாளும் எங்கள் மாணவியருக்குக் கிடைத்தது. அதை எடுத்துவிட்டு ஒரு பால் வால்வு போட்டோம். அடுத்த முறை அளந்தபோது வாளி நிரம்ப ஆனது 80 விநாடிகள். செலவு, மற்ற மூன்று யோசனைகளுக்கும் ஆகக்கூடியதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

தொட்டியை உயர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொன்னேன். வெளியேறும் வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது டாரிசெல்லி கண்ட விதி. 7 மீட்டரை 8 மீட்டராக்கினால் ஓட்டம் சுமார் 7 சதவீதம்தான் கூடும். 2.5 லிட்டர் 2.7 லிட்டர் ஆகியிருக்கும், அவ்வளவுதான். மோட்டார் வைத்திருந்தாலோ, விழுந்த கதவுக்குப் பின்னால் தண்ணீர் போதாமல் சூடாகிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வீடு ஒரு காரணம்

அடுத்த வாரம் வீட்டுப்பாடமாக அவரவர் வீட்டுக் குழாய்களை வாளி வைத்து அளந்து வரச் சொன்னேன். மெலிந்த குழாய்கள் பல. காரணங்கள் ஒவ்வொன்றும் வேறு.

ஒரே ஒரு குழாய் மெலிந்திருந்த வீடுகளில் பெரும்பாலும் வாய்ப்பகுதி வலையில்தான் அடைப்பு. மணலாக இருந்தால் கழுவினால் போகும். உப்புப் படிந்திருந்தால் வினிகரில் சில மணி நேரம் ஊறப்போட வேண்டும். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து, கார்பன் டைஆக்சைடு நுரைத்து வருவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம். கழிவறை கழுவும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது உலோகத்தை அரிக்கும், அதன் புகையும் கெடுதல்.

சுடுதண்ணீர் மட்டும் மெலிந்து, பச்சைத் தண்ணீர் நன்றாக வந்தால் கீசரைச் சந்தேகிக்க வேண்டும். உப்புத் தண்ணீரைச் சூடாக்கும்போது பைகார்பனேட்டுகள் சிதைந்து சுண்ணமாகப் படிகின்றன. இதை நாம் பிரிக்கக் கூடாது. மின்சாரமும் உயர் வெப்பமும் சேர்ந்த இடம் என்பதால், பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

தொட்டி ஒருமுறை முழுதும் காலியாகி, மீண்டும் நிரப்பிய பிறகு ஒரு வழியில் மட்டும் தண்ணீர் வராமல், அல்லது புஸ் புஸ்ஸென்று காற்றோடு வந்தால் அது காற்று அடைப்பு. ஏறி இறங்கும் குழாயின் மேட்டுப்பகுதியில் காற்று தங்கிவிடுகிறது. அந்த வழியின் மிகத் தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து வைத்தால் பல நேரம் சரியாகிவிடும். தொட்டியிலிருந்து வெளிவரும் குழாயில், தொட்டியின் மேல்மட்டத்தையும் தாண்டி உயர்ந்து நிற்கும் ஒரு காற்றுப்போக்குக் குழாய் இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

மாடிவீட்டுக் குளியலறையில் ஷவர் மட்டும் மெலிந்து, தரைத்தளத்தில் நன்றாக வந்தால் அது கோளாறே இல்லை. மொட்டை மாடித் தளத்திலேயே தொட்டி உட்கார்ந்திருந்தால் ஷவருக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான் கிடைக்கிறது. இங்கேதான் தொட்டியை உயர்த்துவதும் மோட்டாரும் உண்மையில் பயன்படும். 2 மீட்டரை 3 மீட்டராக்கினால் ஓட்டம் சுமார் 22 சதவீதம் கூடும்.

பழைய ஜி.ஐ. குழாய் உள்ள வீடுகளில், ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் குழாய்களும் மெலியும். உள்ளே துரு படிந்து வழி குறுகிப்போவதே காரணம். அதைச் சுத்தம் செய்ய முயல்வதைவிட மாற்றுவதே முறை. குழாயின் விட்டம் இங்கே முக்கியம். அரை அங்குலத்தை ஒரு அங்குலமாக்கினால் குறுக்குப்பரப்பு 4 மடங்கு ஆகிறது. உராய்வும் குறைவதால் நீண்ட குழாயில் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல் கூடும்.

ஒரு செயலை மட்டும் யாரும் செய்ய வேண்டாம் என்று மாணவர்களிடம் அழுத்திச் சொன்னேன். தெருக் குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதற்கு அனுமதி இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய தண்ணீரை அது பறிக்கிறது. அதோடு, குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையும்போது, மண்ணுக்குள் இருக்கும் விரிசல்கள் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே வரக்கூடும். தெருக் குழாயிலிருந்து தரைத்தொட்டிக்கு, தரைத்தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு என்பதே சரியான வழி.

வகுப்பறைக்கு

இதைச் செய்ய அறிவியல் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மக் தண்ணீரில் எத்தனை மக் ஊற்றினால் வாளி நிரம்பும் என்று அளக்கலாம். ஐந்தாம் வகுப்பில் விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயைக் கணக்குப் போடலாம். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 4 லிட்டருக்கும் மேல் வருகிறது. நடுநிலை வகுப்புகளில் குழாய்வாரியாக லிட்டர் கணக்கைப் பட்டை வரைபடமாக்கலாம். அந்த வரைபடத்தைப் பார்த்தாலே பள்ளியின் எந்த மூலையில் கோளாறு என்று தலைமையாசிரியருக்கும் விளங்கிவிடும்.

எங்கள் பள்ளியில் இப்போது மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை, எட்டாம் வகுப்பு மாணவர்கள் எல்லாக் குழாய்களையும் வாளி வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். நேரம் ஏறத் தொடங்கினால் கோளாறு பெரிதாவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. உங்கள் பள்ளியிலும் நாளையே தொடங்கலாம். முதல் வாளியை மாணவியர் கழிவறைக் குழாயில் வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "இப்பல்லாம் பாட்டில் காலியாத்தான் வருது டீச்சர்."