காகத்தையும் எழுத வேண்டும்: பறவை ஆய்வில் பொதுமக்களின் பங்கு

நாட்டில் எந்தப் பறவையினம் பெருகுகிறது, எது அருகி வருகிறது என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் விடையின் பெரும்பகுதி, ஊதியம் பெறாத பொதுமக்கள் அனுப்பிய பட்டியல்களிலிருந்து பெறப்பட்டதாகும். 2023 ஆகஸ்டில் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் 3 கோடித் தகவல்களைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 178 இனங்களுக்குப் பாதுகாப்பில் உயர் முன்னுரிமை தேவை என்று அது தெரிவித்தது.

இவ்வாறு பொதுமக்கள் ஆய்வுத் தரவுகளைத் திரட்டித் தருவது 'குடிமக்கள் அறிவியல்' எனப்படுகிறது. பயிற்சி பெறாதவர்களின் குறிப்புகளை அறிவியல் எப்படி நம்பலாம் என்ற ஐயம் இயல்பானதே.

விடை, பட்டியல் எழுதும் முறையில் உள்ளது. இந்திய ஆர்வலர்கள் பெரிதும் பயன்படுத்தும் 'இபேர்ட்' தளத்தில் ஒருவர் தாம் நின்ற இடம், தொடங்கிய நேரம், செலவிட்ட நிமிடங்கள் ஆகியவற்றுடன், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறிப்பிட வேண்டும். ஓர் இடத்தில் எழுதப்பட்ட 100 முழுமையான பட்டியல்களில் 40-இல் சிட்டுக்குருவி இருந்து, சில ஆண்டுகளுக்குப் பின் அது 20-ஆகக் குறைந்தால், ஏதோ மாறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒருவர் அரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால் இக்கணக்கு பொய்த்துப்போகும். காணப்படாத பறவையும் இங்கே ஒரு தகவல்தான். அந்தப் பகுதிக்கோ பருவத்துக்கோ பொருந்தாத பதிவு வந்தால் கணினி அதைத் தனியே நிறுத்துகிறது. அப்பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் புகைப்படமோ விளக்கமோ கேட்டுச் சரிபார்க்கிறார்.

சிட்டுக்குருவியின் நிலை இதற்குத் தக்க சான்று. கைப்பேசிக் கோபுரங்களால் நாடெங்கும் அது அழிந்து வருகிறது என்ற கருத்து பல ஆண்டுகளாக உலவியது. 2012-இல் தில்லி அதை மாநிலப் பறவையாகவும் அறிவித்தது. ஆனால் 2020-இல் வெளியான முதல் அறிக்கை, பெருநகரங்களில் அது குறைந்திருந்தாலும் நாடு முழுவதையும் நோக்கும்போது ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்று கண்டறிந்தது. பழைய நிலையை அறிய, ஆர்வலர்கள் தங்கள் பழைய குறிப்பேடுகளில் இருந்தவற்றையும் கணினியில் ஏற்றியிருந்தனர். ஆய்வகங்களில் கிடைக்காத சான்று அது.

மறுபுறம், யாரும் கவலைப்படாத பனங்காடை குறைந்து வருவது இதே தரவுகளால் வெளிப்பட்டது. கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களின் மாநிலப் பறவை அது. தசராவன்று அதைக் காண்பது நற்சகுனம் என்று வட இந்தியாவில் கருதுகின்றனர். அதன் உலகளாவிய பாதுகாப்பு நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என 2023 அறிக்கை பரிந்துரைத்தது. மயில், குயில், மாடப்புறா ஆகியவை பெருகியுள்ளன.

எனினும் இம்முறையின் பெருங்குறையை அறிக்கையே காட்டுகிறது. ஆராயப்பட்ட 942 இனங்களில் 338-க்கு மட்டுமே நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்தது. அவற்றில் 60 சதவீதம் சரிவில் உள்ளன. எஞ்சிய 604 இனங்கள் பெருகினவா, குறைந்தனவா என்று கூற இயலவில்லை. ஆர்வலர்கள் மிகுதியாக உள்ள நகரங்களைச் சுற்றியே பட்டியல்கள் குவிகின்றன. ஆட்கள் செல்லாத பகுதிகளின் பறவைகள் சத்தமின்றி மறைந்தாலும் எண்களில் தெரியாது.

இக்குறையைத் திட்டமிட்டுக் களையலாம் என்பதைக் கேரளம் காட்டியது. 2015 முதல் 2020 வரை அம்மாநிலம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, தேர்ந்தெடுத்த கட்டங்களுக்கு மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் தன்னார்வலர்கள் நேரில் சென்றனர். 1,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அந்தப் பணியில் சுமார் 3 லட்சம் பதிவுகளுடன் 361 இனங்கள் குறிக்கப்பட்டன. விருப்பமான ஏரிக்கரையை விட்டு, கட்டத்துக்குள் அமைந்த இரப்பர் தோட்டத்துக்கும் செல்ல வேண்டியிருந்ததே அதன் சிறப்பு.

புதியவர்களுக்கு எளிய வாய்ப்பு, ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள்கள் நடைபெறும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பாகும். குறைந்தது 15 நிமிடங்கள் ஓரிடத்தில் கவனித்தால் போதும். வீட்டு மாடியும் ஏற்கப்படும்.