பேய் பயத்துக்கு நடுவே ஒரு காதல் பாட்டு: ‘லக் ஜா கலே’ கதை தெரியுமா?

கல்யாண வீடியோ, கிட்டார் கவர், நள்ளிரவு பிளேலிஸ்ட்... எங்கே பார்த்தாலும் ‘லக் ஜா கலே’. இந்தி தெரியாதவங்ககூட முணுமுணுக்கிற பாட்டு. லதா மங்கேஷ்கர் குரலில் தனியாகக் கேட்டால் சுத்தமான காதல். படத்தோடு சேர்த்துப் பார்த்தால் லேசாக உதறல் எடுக்கும்.

படம், ராஜ் கோஸ்லா இயக்கி 1964-ல் வெளியான ‘வோ கோன் தி’. ‘யார் அவள்?’ என்று அர்த்தம். கொட்டும் மழையில் கார் ஓட்டி வருகிறார் ஒரு டாக்டர். நடுரோட்டில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண். லிஃப்ட் கொடுத்தால், அவள் இறங்கும் இடம் கல்லறைத் தோட்டம்! பிறகு டாக்டருக்குக் கல்யாணம் நடக்கிறது. மணப்பெண்ணைப் பார்த்தால், அதே முகம். டாக்டராக மனோஜ் குமார், அந்தப் பெண்ணாக சாதனா.

மனைவியா, பேயா, வேறு யாராவதா? இந்தக் குழப்பத்துக்கு நடுவேதான் பாட்டு வருகிறது. (விடை இங்கே கிடையாது, படத்தைப் பாருங்க.) அவள் நெருங்கி வந்து பாடுகிறாள். அவன் ஒரு வரிகூட பதிலுக்குப் பாடுவதில்லை. ராஜா மெஹ்தி அலி கான் எழுதிய வரிகளில் இருப்பது, இப்படியொரு சந்திப்பு இனி வாய்க்காதோ என்ற தவிப்பு. காதலி சொன்னால் ஏக்கம். பேயாக இருக்குமோ என்று சந்தேகப்படும் ஒருத்தி சொன்னால்? அதே வார்த்தைகள் மிரட்டலாகவும் கேட்கும். படத்துக்கு வெளியே வந்ததும் பயம் உதிர்ந்துபோய், ஏக்கம் மட்டும் தங்கிவிட்டது.

இசை, மதன் மோகன். பஹாடி ராகத்தில் அமைந்த மெட்டு. இதை முதலில் கேட்ட இயக்குநர் ‘வேண்டாம்’ என்று ஒதுக்கிவிட்டார் என்பது திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட கதை. மனோஜ் குமார்தான் இன்னொரு தடவை கேட்கச் சொன்னாராம். இரண்டாம் முறை கேட்டபோது, இதையா வேண்டாம்னு சொன்னோம் என்று கோஸ்லாவே ஆச்சரியப்பட்டாராம்.

இந்தப் படத்துக்காக மதன் மோகன் பெயர் ஃபிலிம்ஃபேர் விருதுக்குப் பரிந்துரையானது. விருது கிடைத்ததோ ‘தோஸ்தி’ படத்துக்காக லக்ஷ்மிகாந்த் - பியாரேலாலுக்கு. ‘தஸ்தக்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர், ஃபிலிம்ஃபேர் ஒன்றுகூட வாங்காமலே 1975-ல் 51 வயதில் காலமானார். அவர் போட்டு வைத்துப் பயன்படாமல் கிடந்த மெட்டுகளை எடுத்துத்தான், 2004-ல் ‘வீர் ஸாரா’ பாடல்கள் உருவாயின. அதிலும் பாடியவர் லதா.

நம்ம ஊருக்கும் இந்த மெட்டு வந்திருக்கிறது. இந்தப் படத்தின் தமிழ் ரீமேக், 1966-ல் வெளியான ‘யார் நீ’. ஜெய்சங்கர், ஜெயலலிதா ஜோடி, வேதா இசை. அதில் பி.சுசீலா பாடிய ‘பொன்மேனி தழுவாமல்’ இதே மெட்டுதான். தாத்தா, பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால், ‘லக் ஜா கலே’யை போட்டுவிட்டு அவங்க எந்த மொழியில் கூடப் பாடுறாங்கன்னு கவனிங்க.