வாலில்லாச் சாட்டைத்தேள்: கொட்டாது, ஆனால் வளர்க்கத் தெரிய வேண்டும்

சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் உங்கள் தம்பி, இரவு பத்து மணிக்குப் புலனத்தில் ஒரு படம் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே தட்டையான உடம்பு, நண்டு மாதிரி விரிந்த கால்கள், முள் முளைத்த இரண்டு கைகள், நூல் போல நீண்ட இரண்டு மீசைகள். கூடவே ஒரு செய்தி: “ஆன்லைன்ல வாங்கினேன். அம்மா தூக்கி வெளிய போடச் சொல்றாங்க. இது கொட்டுமா?”

கொட்டாது. கொட்ட இதனிடம் கொடுக்கே இல்லை, நஞ்சும் இல்லை. இதனால் தம்பிக்கு வரும் ஆபத்தைவிட, தம்பியால் இதற்கு வரக்கூடிய ஆபத்துதான் அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

இது என்ன பிராணி?

பெயரில் தேள் இருந்தாலும் இது தேள் இல்லை. சிலந்தியும் இல்லை. இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம். அம்பிலிபிஜி என்ற தனி வரிசையைச் சேர்ந்தது. உலகில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. 2005-இல் வந்த ‘ஹாரி பாட்டர்’ நான்காம் படத்தில், வகுப்பறையில் மந்திரம் போட்டுக் காட்டப் பயன்படும் அந்த விநோதப் பூச்சி ஞாபகம் இருக்கிறதா? அது இதுதான்.

இதற்கு எட்டுக் கால்கள். ஆனால் நடப்பது ஆறில்தான். முதல் ஜோடிக் கால்கள் சாட்டை போல மெலிந்து நீண்டிருக்கும். நாம் மீசை என்று நினைப்பது அந்தக் கால்களைத்தான். இருட்டில் தொட்டும் முகர்ந்தும் வழி கண்டுபிடிக்க அவை உதவுகின்றன. முள் கைகள் இரையைப் பிடிக்க உதவுகின்றன.

எப்படி அடையாளம் காண்பது?

செருப்பைத் தூக்குவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

• வால் வளைந்து, நுனியில் கொடுக்கு இருந்தால் அது தேள். விலகி நில்லுங்கள்.

• கறுத்த நீள உடம்பும் பின்னால் மெல்லிய நூல் போன்ற வாலும் இருந்தால் அது வால் உள்ள சாட்டைத்தேள். சீண்டினால் வினிகர் வாடை வீசும் திரவத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் எரியும். உடனே நிறைய தண்ணீரில் கழுவ வேண்டும்.

• வீட்டுச் சுவரில் தட்டையாக ஒட்டியிருக்கும் பெரிய சிலந்தியா? அதன் எட்டுக் கால்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முள் கைகள் இருக்காது.

• வாலே இல்லை, முள் கைகள் உண்டு, முன்னால் இரண்டு நீண்ட சாட்டைகள் உண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் ஓடுகிறது என்றால், அதுதான் வாலில்லாச் சாட்டைத்தேள்.

நம் நாட்டில் இருக்கிறதா?

இருக்கிறது. அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலேயே. தைப்பூசத்துக்கு 272 படிகள் ஏறுகிறோமே, அந்தப் பத்துமலையின் பெயரையே தாங்கிய ஓர் இனம் உண்டு: சாராக்ஸ் பட்டுவென்சிஸ். ஜெர்மானிய ஆய்வாளர் கார்ல் ஃபிரிடரிக் ரோவர் 1962-இல் அதற்குப் பெயர் சூட்டினார். அது மிகச் சிறியது. குகை இருட்டில் வாழ்வது. குகையில் வாழும் உயிர்களைப் பிடித்து வந்து வீட்டில் வளர்க்க நினைக்காதீர்கள். அவற்றின் எண்ணிக்கையும் இடமும் குறைவு. எடுத்தால் ஈடுகட்ட முடியாது.

செல்லப் பிராணியாக விற்கப்படுபவற்றில் பிரபலமானது டாமன் டயாடெமா. தான்சானியா, கென்யா பக்கத்தைச் சேர்ந்தது. கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரும். தம்பியின் டப்பாவில் இருப்பது அநேகமாக இதுவாக இருக்கலாம்.

டப்பாவின் உயரம்தான் இதன் உயிர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால், இதை வையுங்கள்.

இந்தப் பிராணி வளர வளரத் தோலுரிக்கும். வளர்ந்து முடிந்த பிறகும் உரிக்கும். உரிக்கும்போது தலைகீழாகத் தொங்கும். பழைய தோல் மேலே பிடித்துக்கொண்டிருக்க, மெத்தென்ற புதிய உடம்பு மெல்லக் கீழே இறங்கும். கீழே இடம் போதாவிட்டால் தரை தட்டும், கால்கள் கோணிப்போகும், பல நேரம் செத்தும் போகும். சாப்பாட்டு டப்பாவில் வைத்து வளர்ப்பவர்கள் இதனால்தான் ஏமாந்து போகிறார்கள்.

கால் விரிப்பைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத உயரம் வேண்டும். 20 சென்டிமீட்டர் பிராணிக்கு 40 சென்டிமீட்டர். உள்ளே சொரசொரப்பான மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். அதன் அடிப்பக்கத்தில் தொங்கிக்கொள்ளும். வழவழப்பான கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் பிடிமானம் தராது.

தோலுரித்த உடனே வெளிர் பச்சை கலந்த வெள்ளையாக இருக்கும். பயப்படாதீங்க, நோய் இல்லை. நிறம் கறுக்கும்வரை தொடாமல் விட்டாலே போதும். பக்கத்தில் தொங்குவது செத்த உடம்பு இல்லை, பழைய தோல்.

ஈரம் வேண்டும், மருந்து வாடை கூடாது

ஜொகூர் வெப்பம் இதற்கு ஒத்துப்போகும். தனியாகச் சூடேற்றும் விளக்கு தேவையில்லை. அடியில் தேங்காய் நார்த் தூளைப் பரப்பி, ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள். காற்றோட்டத்துக்குத் துளைகள் வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆழமில்லாத சிறு தட்டில் தண்ணீரும் வையுங்கள். இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் அறை வேண்டாம்; காற்று காய்ந்துவிடும். வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது: பூச்சி மருந்து. கொசுவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, டிங்கிக்காகத் தெருவில் அடிக்கும் புகை எல்லாமே இதைக் கொல்லக்கூடியவை. புகையடிக்கிறார்கள் என்றால், முன்கூட்டியே டப்பாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

சாப்பாடு

பறவைத் தீனி விற்கும் கடையில் ‘செங்கெரிக்’ என்று கேட்டால் சிள்வண்டு கிடைக்கும். பெரிய பிராணிக்கு வாரம் ஒன்றிரண்டு போதும். செம்பனைத் தோட்டத்திலிருந்தோ சமையலறையிலிருந்தோ பூச்சி பிடித்துப் போடாதீர்கள். அது மருந்து பட்ட பூச்சியாக இருக்கலாம்.

சில நாட்களாகச் சாப்பிடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்றால் தோலுரிக்கத் தயாராகிறது என்று அர்த்தம். அப்போது மிச்சமிருக்கும் சிள்வண்டுகளை எடுத்துவிடுங்கள். மெத்தென்ற புதிய உடம்பை அவை கடித்துவிடும்.

கையில் எடுக்கலாமா?

எடுக்காமல் இருப்பதே நல்லது. முள் குத்தினால் உங்களுக்குச் சின்னக் கீறல், அவ்வளவுதான். ஆனால் அது பயந்து ஓடிக் கீழே விழுந்தால் உயிரே போகலாம். ஆபத்து என்று நினைத்தால் காலையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் திரும்ப முளைக்கும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இது பார்த்து ரசிக்க வேண்டிய பிராணி. தாய் முட்டைகளை வயிற்றுக்கு அடியில் சுமக்கும். பொரித்த குஞ்சுகள் முதலில் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். டாமன் டயாடெமா குஞ்சுகள் அதன் பிறகும் பல மாதம் தாயோடு கூடி வாழ்வதையும், தாய் அவற்றைச் சாட்டைக் கால்களால் தடவிக் கொடுப்பதையும் அமெரிக்க ஆய்வாளர் லிண்டா ரேயரும் லிசா டெய்லரும் 2006-இல் எழுதினார்கள். விளக்கை அணைத்துவிட்டு, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் அது நடமாடுவதை நீங்களும் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன்

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன இனம்? எங்கிருந்து வந்தது? காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா? பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இந்த இனத்தை வைத்திருக்கலாமா என்று வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடமும், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் தனிமைப்படுத்தல் துறையான மாக்கிஸிடமும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு உயிர் ஒன்று நம் மண்ணில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. விற்றவரிடமோ, வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடமோ கொடுங்கள்.

தம்பிக்கு இப்போது பதில் போடலாம்: “கொட்டாது. அம்மாகிட்ட சொல்லு, வால் இல்லை, விஷமும் இல்லைன்னு. ஆனா அந்த டப்பா பத்தாது. நாளைக்கே உயரமா ஒன்னு வாங்கு.”