ஒரு சர்வர் நின்றால் எல்லாமே நிற்குமா? மீத்திறன் கணினிகளைக் காக்கும் ஆய்வுகள்

தீபாவளி நேரத்தில் சிராங்கூன் ரோட்டில் நடந்திருப்பீர்கள். தலைக்கு மேலே ஒரு பல்பு அணைந்தாலும் மற்றவை எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் வீட்டில் மாட்டும் பழைய சீரியல் பல்பு? ஒன்று போச்சுன்னா, வரிசை முழுக்க இருட்டு!

மீத்திறன் கணினிகள், அதாவது சூப்பர் கம்ப்யூட்டர்கள், முதல் வகை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அவை அந்தப் பழைய சீரியல் பல்பு மாதிரி.

ஏன் அப்படி?

மீத்திறன் கணினி என்பது ஒரே ஒரு ராட்சத இயந்திரம் இல்லை. நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒரே கணக்கைப் பங்குபோட்டுச் செய்கின்றன. ஒன்றின் விடைக்காக இன்னொன்று காத்திருக்கும். நடுவில் ஒரு சர்வர் பழுதானால் பொதுவாக மொத்த வேலையும் நின்றுவிடும்.

ஒரு சர்வர் சராசரியாக 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சர்வர்தான். ஆனால் 1,000 சர்வர்கள் சேர்ந்தால் சுமார் 44 மணி நேரத்துக்கு ஒரு பழுது. 10,000 என்றால் சுமார் நாலரை மணி நேரத்துக்கு ஒன்று.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. மெட்டா நிறுவனம் 16,384 ஜிபியு சில்லுகளைக் கொண்டு லாமா 3 மாடலைப் பயிற்றுவித்தபோது, 54 நாள்களில் எதிர்பாராத தடங்கல் மட்டும் 419 முறை ஏற்பட்டதாக 2024இல் தெரிவித்தது. ஏறக்குறைய 3 மணி நேரத்துக்கு ஒன்று!

சிங்கப்பூருக்கு இதில் என்ன?

நம் தேசிய மீத்திறன் கணினி நிலையத்தின் ஆஸ்பயர் 1 கணினி 2016இல் வந்தது. நொடிக்கு 1,000 டிரில்லியன் கணக்குகளைப் போடும் திறன் அதற்கு. அடுத்து வந்த ஆஸ்பயர் 2ஏ அதைவிடச் சுமார் 10 மடங்கு வேகம். பருவநிலைக் கணிப்பு போன்ற வேலைகளுக்கு இப்படிப்பட்ட வேகம் தேவை. இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரைச் சுற்றிக் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு சொன்னது. நாள்கணக்கில் ஓடும் கணக்கு பாதியில் போனால், நேரமும் மின்சாரமும் வீண்.

தீர்வு என்ன?

முதல் வழி நமக்குப் பழக்கமானதுதான்: கேம் விளையாடும்போது 'சேவ்' பண்ணுவது. இதை 'செக்பாயிண்ட்' என்பார்கள். அடிக்கடி சேவ் பண்ணினால் அதற்கே நேரம் போய்விடும். எப்போதாவது பண்ணினால் இழப்பு அதிகம்.

ஜான் யங் 1974இலேயே இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். சேவ் பண்ண 5 நிமிடம் ஆகிறது, நாளுக்கு ஒரு பழுது வருகிறது என்றால், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணலாம். 3 மணி நேரத்துக்கு ஒரு பழுது என்றால், சுமார் 42 நிமிடத்துக்கு ஒருமுறை.

சேவ் பண்ணினால் மட்டும் போதுமா?

இந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்டவர்களில் ஒருவர் பேராசிரியர் சதீஷ் வதியார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றுபவர்.

அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் மூன்றை வரிசையாகப் பாருங்கள்.

2003: ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, வேறு எண்ணிக்கையிலான கணினிகளில் தொடரச் செய்வது எப்படி?

2012: அதே யோசனையைப் பழுதைச் சமாளிக்கப் பயன்படுத்த முடியுமா?

2015: எல்லா வேலைக்கும் நகல் வைத்தால் செலவு இரட்டிப்பு. அதனால், பழுதாகும் என்று கணிக்கப்படும் இடத்துக்கு ஏற்ப நகல்களை மாற்றிக்கொண்டே இருக்கலாமா?

2012, 2015 கட்டுரைகளை அவருடன் சேர்ந்து எழுதியவர் சிஜோ ஜார்ஜ்.

தலைப்புகள் வேறு. கேள்வி ஒன்றுதான்: பழுது வரும், வந்தால் எவ்வளவு குறைவாக இழக்கலாம்?

ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதினார் என்று எண்ணுவது சுலபம். ஒரே கேள்வியை அவர் எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பது, பட்டியலை வரிசையாகப் படித்தால்தான் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு வழிகாட்டியைத் தேடப் போகிறீர்களா? அப்போ, எண்ணிக்கைக்கு முன்னாடி வரிசையைப் பாருங்க.