இந்தியாவில் மிதிவண்டிச் சட்டங்களும் பாதுகாப்பு விதிகளும்

இந்தியாவில் மிதிவண்டி ஓட்டுவதற்கெனத் தனியான நடுவண் சட்டம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், குற்றவியல் சட்டம், காவல்துறையின் போக்குவரத்து ஆணைகள் ஆகியவற்றில் சிதறிக் கிடக்கும் விதிகளே மிதிவண்டி ஓட்டுநருக்குப் பொருந்துகின்றன.

சட்ட நிலை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர ஆற்றலால் சாலையில் ஓடும் ஊர்திகளையே மோட்டார் வாகனம் என வரையறுக்கிறது. மனித ஆற்றலால் ஓடும் மிதிவண்டி அதில் அடங்காது. எனவே அதற்கு ஓட்டுநர் உரிமம், பதிவெண், காப்பீடு ஆகியவை தேவையில்லை. இச்சட்டத்தின் 129-ஆம் பிரிவு கூறும் கட்டாயத் தலைக்கவசமும் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கே உரியது.

முற்காலத்தில் தமிழகத்தின் உள்ளாட்சி அமைப்புகள் பல, மிதிவண்டிக்கு வரி வசூலித்து உலோக வில்லை வழங்கின. இரவில் விளக்கின்றிச் செல்வதும், இருவராகச் செல்வதும் தண்டத்துக்குரியனவாக இருந்தன.

மின் மிதிவண்டிகளில் மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், மோட்டார் உதவியுடன் செல்லும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மிகாமலும் இருந்தால் அவையும் உரிமத்திலிருந்து விலக்குப் பெறுகின்றன. இவ்வரம்பை மீறுபவை மோட்டார் வாகனங்களாகக் கருதப்படும்.

கடமைகளும் கட்டுப்பாடுகளும்

உரிமம் தேவையில்லை என்பதால் விதிகளிலிருந்து விலக்கு உண்டு என்று பொருளில்லை. பாரதிய நியாய சன்கிதாவின் 281-ஆம் பிரிவு, பொதுவழியில் எந்த வாகனத்தையும் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கண்மூடித்தனமாகவோ கவனக்குறைவாகவோ ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. மிதிவண்டியும் வாகனமே. இதற்கு 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சில சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. மும்பையின் பாந்திரா–வொர்லி கடற்பாலம் இதற்கு எடுத்துக்காட்டு. கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் தடை விதிக்கப்பட்டபோது, பால், செய்தித்தாள் விற்போர் உள்ளிட்ட ஏழைத் தொழிலாளர்களின் பிழைப்பு பாதிக்கப்படுவதாக எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், இயந்திரமற்ற ஊர்திகள் பொது இடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் செல்வதை ஒழுங்குபடுத்தும் விதிகளை இயற்ற மாநில அரசுகளுக்கு அதிகாரம் தருகிறது.

விபத்தும் இழப்பீடும்

மோட்டார் வாகனம் மோதிக் காயமடையும் மிதிவண்டி ஓட்டுநர், சட்டத்தின் பார்வையில் மூன்றாம் தரப்பினர். அவரிடம் காப்பீடு இல்லாவிட்டாலும், மோதிய வாகனத்தின் கட்டாயக் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கோரலாம். இதற்கான மனுவை விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டும் என 166-ஆம் பிரிவு கூறுகிறது. மோதிய வாகனம் நிற்காமல் சென்று, எதுவென அடையாளம் தெரியாவிட்டாலும் வழியுண்டு: இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் 161-ஆம் பிரிவின்படி கிடைக்கும். காவல்துறையில் பதிவாகும் புகாரும் மருத்துவச் சான்றும் இதற்கு இன்றியமையாதவை.

நகரில் பாதுகாப்பாக ஓட்டுதல்

மோட்டார் வாகன ஓட்டுநர் மிதிவண்டியைக் கவனிக்கத் தவறுவது பல விபத்துகளுக்குக் காரணமாகிறது. ஆகவே கண்ணில் படும்படி செல்வதே முதல் பாதுகாப்பு.

• இரவில் முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். எதிரொளிப்பான்கள் வேறொரு வண்டியின் வெளிச்சம் பட்டால்தான் ஒளிரும். அவை விளக்குக்கு மாற்றல்ல.

• இடப்புறமாகவே செல்ல வேண்டும். எதிர்த்திசையில் சென்றால் இரு வண்டிகளின் வேகமும் சேர்ந்து மோதலைக் கடுமையாக்கும். பக்கச் சாலையிலிருந்து திரும்புவோரும் அத்திசையில் ஒருவரை எதிர்பார்ப்பதில்லை.

• இடப்பக்கம் திரும்பவிருக்கும் பேருந்து, லாரியின் பக்கவாட்டில் நுழையக் கூடாது. அங்கிருப்பவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமற் போகலாம். திரும்பும்போது பின்சக்கரம் உட்புறமாக நெருங்கி வரும்.

• நிறுத்தப்பட்ட கார்களிலிருந்து சுமார் ஒரு மீட்டர் விலகிச் சென்றால், திடீரெனத் திறக்கும் கதவில் மோதாமல் தப்பலாம்.

• திரும்பும் முன் பின்னால் பார்த்து, திரும்பும் பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

• மழைக்காலத்தில் பிரேக் பிடிக்கக் கூடுதல் தொலைவு தேவைப்படும். வடிகால் மூடிகளின் நீளவாட்டு இடைவெளியில் சக்கரம் சிக்கக்கூடும். தேங்கிய நீர் பள்ளத்தை மறைத்திருக்கலாம்.

• தலைக்கவசம் சட்டப்படி கட்டாயமில்லை எனினும், கீழே விழும்போது தலைக்காயத்தின் கடுமையைக் குறைக்கும். தாடைப்பட்டையை இறுக்கி அணிந்தால்தான் பயன் தரும்.