படர்தாமரை: மருந்து ஓரத்துக்கும் வேண்டும்

பௌர்ணமி கிரிவலத்தின் 14 கிலோமீட்டர் பாதையில் அடி அண்ணாமலையை எட்டும்போதே பலருக்கு வேட்டி இடுப்பில் வியர்வை ஊறியிருக்கும். தொடையிடுக்கில் அந்த ஈரம் காயாமல் நின்றால் படர்தாமரைக்குக் கொண்டாட்டம்.

அதை உற்றுப் பாருங்கள்: நடுவில் தோல் தெளிந்திருக்கும், ஓரம் மட்டும் சிவந்து, தடித்து, செதில் செதிலாக இருக்கும். தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டினைத் தின்றபடி படர்தாமரைப் பூஞ்சை வெளிப்பக்கமாக நகர்கிறது. அதனால்தான் களிம்பை வளையத்துக்கு வெளியேயும் சுமார் 2 சென்டிமீட்டர் தடவச் சொல்கிறார்கள்.

பூஞ்சையின் செல்சவ்வுக்கு உறுதி தருவது எர்கோஸ்டீரால். நம் செல்லில் அந்த வேலையைச் செய்வது கொலஸ்ட்ரால். களிம்பிலுள்ள குளோட்ரிமசோல் மருந்து எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுப்பதால் பூஞ்சையின் சவ்வு பழுதாகிறது, நம் தோல் தப்பிக்கிறது. அரிப்பு சில நாளில் அடங்கினாலும் பூஞ்சை மிச்சமிருக்கும். ஆகவே 2 முதல் 4 வாரம் தடவ வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்பைச் சீட்டில்லாமல் வாங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் மறையும், பூஞ்சையோ பரவும். போதாக்குறைக்கு, டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் அடங்காத டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினி என்ற பூஞ்சையே இந்தியாவில் பரவலாகிவிட்டது; 2020-ல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். களிம்பு பலிக்கவில்லையா? தோல் மருத்துவரிடம் போய்ச் செதிலைச் சுரண்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பிருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள்.